ஓகஸ்ட் விடுமுறை வாசிப்பு: ஒரு அலுமாரி, 25 பிள்ளையள், எங்க தொடங்கலாம்?

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கத்துச் சின்னக் கிராமம் ஒண்டு. இரண்டாம் தவணை விடுமுறைக்குச் சனசமூக நிலையத்தில பிள்ளையளுக்கு வாசிப்பு ஒழுங்கு செய்யப்போறம். இருக்கிறதைச் சொல்லுறன்: தரம் 2 தொடக்கம் தரம் 7 வரை 25 பிள்ளையள். இரும்பு அலுமாரி 1, வாங்கு 4, பாய் தேவையான அளவு. அலுமாரிக்குள்ள 140 புத்தகம் மட்டில. அரைவாசிக்கு மேல பெரியாக்கள் வாசிக்கிறதும் பழைய சஞ்சிகையளும். கையில 20,000 ரூபா. பிரதேச சபை நூலகம் 11 கிலோமீற்றர் தூரம், சின்னனுகளைச் சைக்கிளில விடேலாது.

கேக்கிறது மூண்டு விசயம். எந்த நேரத்தில வைக்கிறது? காசுக்கு என்ன புத்தகம் எடுக்கிறது? தரம் 5, 6 இல இருந்துகொண்டு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற எட்டுப் பேரை எப்பிடிக் கொண்டுவாறது? தெரிஞ்சாக்கள் விவரமாச் சொல்லுங்கோ.

வெண்கட்டி எழுதியது:

மூன்றாவது கேள்வியை முதலில் எடுப்போம். அது தெரிந்தால்தான் எந்தப் புத்தகம் என்பதும் தெரியும்.

தரத்தைப் பார்த்துப் புத்தகம் கொடுக்க வேண்டாம். முதல் இரண்டு நாளில் ஒவ்வொரு பிள்ளையையும் மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில் தனியாக இருத்தி, 50 சொல் உள்ள ஒரு பந்தியை வாசிக்க விடுங்கள். பழைய தமிழ்ப் பாடநூல்களிலிருந்து தரம் 2, தரம் 3, தரம் 5 என்று மூன்று பந்தி எடுத்து வைத்தால் போதும். தரம் 6 பிள்ளைக்கும் தரம் 2 பந்தியையே முதலில் கொடுங்கள். லேசானதிலிருந்து மேலே ஏற்றலாம். பாரமானதைக் கொடுத்துவிட்டுக் கீழே இறக்கினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வராது.

50 சொல்லில் தடங்கியது இரண்டோ அதற்குக் குறைவோ என்றால் அந்த மட்டத்துப் புத்தகத்தைத் தனியாக வாசிக்கும். மூன்று முதல் ஐந்து என்றால் பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஐந்துக்கு மேல் போனால் அது நாங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். ஒரு பக்கத்தில் ஐந்து விரல் மடங்கினால் புத்தகம் பாரம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். படப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 12 சொல்தான் இருக்கும், பெரிய புத்தகத்தில் 200 இருக்கும். ஆகவே பக்கத்தை விட்டுவிட்டு 50 சொல்லுக்கு எண்ணுங்கள்.

எந்த இடத்தில் தடங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கொம்பிலேதான் நிற்பார்கள். 'கொடி' என்ற சொல்லை எடுங்கள். கண் முதலில் சந்திப்பது ஒற்றைக் கொம்பு (ெ), பிறகு க, பிறகு அரவு (ா). இடப்பக்கத்திலிருந்து ஒன்றொன்றாகப் பிடிக்கிற பிள்ளை 'கெ... கா... டி' என்று வாசித்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாமல் இல்லை. மூன்று வடிவமும் சேர்ந்து ஒரே ஒலி என்பது கண்ணுக்குப் பழகவில்லை. பிறிஸ்டல் போட் என்கிற தடித்த அட்டையில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் 'கொ' முழுவதும் தெரியும் அளவுக்குச் சின்ன யன்னல் ஒன்று வெட்டுங்கள். சொல்லின் மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்துங்கள். கெ–கே, கெ–கொ, கொ–கோ, கே–கை என்று ஒரு நாளைக்கு ஒரு சோடி. மொத்த 247 எழுத்தையும் மறுபடி அரிவரியிலிருந்து தொடங்கினால் விடுமுறை முடிந்துவிடும், பிள்ளைக்கும் வெறுத்துவிடும்.

அடுத்தது இணைந்து வாசித்தல். எதிரே இருக்காமல் பாயில் பக்கத்தில் இருங்கள், இருவர் கண்ணும் ஒரே வரியில் விழ வேண்டும். இருவரும் ஒன்றாகச் சத்தமாக வாசியுங்கள். பிள்ளையின் வேகம்தான் உங்கள் வேகம். தனியாக வாசிக்கலாம் என்று நினைக்கும் இடத்தில் பிள்ளை பாயில் ஒரு தட்டுத் தட்டும், உடனே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். பிழை வந்தால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தானாகத் திருத்தாவிட்டால் சரியான சொல்லை ஒருமுறை சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி இருவருமாகத் தொடருங்கள். 'எழுத்துக்கூட்டு பாப்பம்' என்று அந்த இடத்தில் கேட்கக் கூடாது. ஒரு சொல்லைக் கூட்டி முடிக்கிற நேரத்துக்குள் வசனத்தின் தொடக்கம் மறந்துபோகும்.

ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், கிழமைக்கு 5 நாள். எட்டுப் பேருக்கு ஒருவரே இருந்தால் இரண்டு மணித்தியாலம் போகும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நாலு பேரைப் பிடித்து மேலே சொன்னதைப் பழக்கிவிட்டால் அரை மணித்தியாலத்தில் முடியும்.

தரம் 6 பிள்ளைக்குத் தரம் 2 புத்தகத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசிப்பீர்கள். 'சனிக்கிழமை சின்னாக்களுக்கு நீதான் இதை வாசித்துக் காட்டப்போகிறாய், பழகிக்கொண்டு வா' என்று கொடுங்கள். அதற்காக ஐந்தாறு தடவை வாசிக்கும். அந்த ஐந்தாறு தடவைதான் எங்களுக்குத் தேவை. சனிக்கிழமை கட்டாயம் வாசிக்க விட வேண்டும். சொல்லிவிட்டு விடாமல் போனால் அடுத்த புத்தகத்தைத் தொடாது.

முற்றம் எழுதியது:

வெண்கட்டி ரீச்சர் சொன்னதோட நேரத்தைப் பற்றிச் சொல்லுறன். 25 பேருக்கும் ஒரே நேரம் வைக்காதேங்கோ, ரெண்டாப் பிரியுங்கோ. தரம் 2, 3, 4 காலமை 9.30 தொடக்கம் 10.30. தரம் 5, 6, 7 பிள்ளையளுக்கு அந்த நேரம் சரிவராது. ரியூசன் ஒரு பக்கம், சிறுபோக வெட்டு நெருங்கிற காலம் மற்றப் பக்கம். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோறது, மாடு பாக்கிறது எல்லாம் அந்த வயசுப் பிள்ளையளின்ர தலையிலதான். அவைக்குப் பின்னேரம் 3.30 தொடக்கம் 4.30. 4.30க்குப் பந்து மைதானத்துக்கு வந்திடும். அதுக்குப் பிறகு ஒரு நிமிசமும் பிடிச்சு வைக்காதேங்கோ. விளையாட்டைப் பறிச்ச புத்தகம் எண்டு ஒருக்கா நினைச்சால் போச்சு.

இடம் வெளியில எண்டால் சோளகத்தை, தென்மேற்குக் காத்தை, பாத்து இருங்கோ. ஓகஸ்டில காத்து ஒற்றையைப் புரட்டும், புழுதியை அள்ளிக் கண்ணுக்குள்ள போடும். கட்டிடத்தின்ர வடகிழக்குப் பக்கத்து நிழல் பறவாயில்லை.

இன்னொண்டு, ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. கனபேர் முதலே போய்த் தங்கிடுவினம். நல்லூர்த் திருவிழாவுக்கும் சனம் போகும். அந்தக் கிழமையளில ஆள் குறையுது எண்டு ஒழுங்கை நிப்பாட்டாதேங்கோ. போற பிள்ளையளிட்ட வழமையான ஒண்டுக்குப் பதிலா மூண்டு புத்தகம் குடுத்து விடுங்கோ. பஸ்சிலயும் தங்குற இடத்திலயும் வாசிக்கக் கனநேரம் கிடைக்கும்.

வீட்டுப் பக்கத்தையும் மறக்கக் கூடாது. தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இருட்டின பிறகு வந்தால் ரீச்சர் சொன்ன 15 நிமிசம் நடக்காது. அப்பம்மாவோ அம்மம்மாவோ இருக்கிற வீடெண்டால் அவையைப் பிடியுங்கோ. அவைக்கு எழுத்துத் தெரியாட்டிலும் பிள்ளை வாசிக்க மூண்டு கேள்வி கேட்டால் போதும்: 'பிறகு என்ன நடந்தது?', 'இனி என்ன நடக்கும் எண்டு நினைக்கிறாய்?', 'இது எங்கட ஊரில ஆரைப் போல?' கடைசிக் கேள்விக்குத்தான் பிள்ளையள் நிறையக் கதைப்பினம்.

வாசிகசாலை எழுதியது:

புத்தகக் கணக்குக்கு வருகிறேன். 25 பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு புத்தகம் வீட்டில் இருந்தால் 25 எப்போதும் வெளியே நிற்கும். தெரிவு செய்வதற்கு அலுமாரியில் குறைந்தது அதன் இரண்டு மடங்காவது நிற்க வேண்டும். ஆகவே சிறுவர் புத்தகம் 75 வேண்டும். உங்களிடம் அறுபது இருக்குமென்று வைத்தால் அதிலும் கழிவு வரும்.

முதல் வேலை கழிப்பதுதான். நன்கொடையாக வந்த எல்லாவற்றையும் வைத்திருக்கக் கூடாது. பக்கம் இல்லாத கதை, பூஞ்சணம் பிடித்தது, பாதி நிரப்பிய பயிற்சிப் புத்தகம் மூன்றையும் வெளியே எடுங்கள். பழைய எழுத்தில் அச்சானவற்றைத் தனியாக அடுக்குங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை நாலும் மேலே சுழித்த துதிக்கையோடும், ணா, றா, னா மூன்றும் அரவு இல்லாமல் ஒட்டிய வடிவத்தோடும் இருக்கும். மாறியது 13 எழுத்து. இந்த ஏழும் போக மீதி ஆறும், ணொ றொ னொ, ணோ றோ னோ, அதே வடிவத்திலிருந்து வந்தவை. தரம் 3 பிள்ளை அந்த 'யானை'யிலே நின்றுவிடும். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு ஏழு வடிவத்தையும் ஒரு டிமை பேப்பரில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினால் அரை நாளில் பிடித்துவிடுவார்கள், அதுவே ஒரு இரகசிய எழுத்துப் போல அவர்களுக்கு விருப்பமாகவும் இருக்கும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதி ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. முதுகு மட்டும் தெரிய அடுக்கிய மெல்லிய படப்புத்தகத்துக்கு வாசகர் கிடைக்க மாட்டார், ஏனென்றால் முதுகில் பெயரே இல்லை. சுவரில் பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் நைலோன் கயிறு இரண்டு கட்டி, உடுப்புக் கிளிப்பால் 20 புத்தகத்தை முன்னட்டை தெரியத் தொங்கவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். கனமான புத்தகத்தைத் தொங்கவிட்டால் அட்டை கிழியும், 32 பக்கத்துக்கு மேற்பட்டதை வாங்கில் நிறுத்தி வையுங்கள்.

இரவல் கொடுக்கிற முறை. புத்தகத்தின் பின் அட்டைக்குள் கடித உறையை அரைவாசியாக வெட்டி ஒட்டினால் அது பை. அதற்குள் ஒரு அட்டைத் துண்டு, மேலே புத்தக இலக்கமும் பெயரும். பிள்ளை எடுக்கும்போது தன் பெயரையும் திகதியையும் அந்தத் துண்டில் தானே எழுதும். துண்டைக் கழற்றி ஒரு பிஸ்கற் ரின்னில் போடுங்கள். புத்தகம் திரும்பினால் துண்டு மறுபடி பைக்குள். வெளியே என்ன நிற்கிறது என்று அறிய ரின்னைத் திறந்தால் போதும். சீ.ஆர். கொப்பி ஒன்றில் புத்தக இலக்கம், பெயர், எங்கிருந்து வந்தது என்று பதிந்து வையுங்கள். இலக்கம் இல்லாமல் கொடுக்கிற புத்தகம் ஒரே பெயரில் இரண்டு இருந்தால் குழம்பும்.

தண்டப்பணம் வேண்டாம். பத்து ரூபா தண்டம் என்றால் பத்து ரூபாவும் வராது, புத்தகமும் வராது, பிள்ளையும் வராது. சில புத்தகம் தொலையும் என்று கணக்கில் முதலே எழுதிவிடுங்கள்.

சபை நூலகத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப முடியாவிட்டால் புத்தகத்தைக் கேளுங்கள். சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில், தலைவர் செயலாளர் கையொப்பத்தோடு, பிரதேச சபைச் செயலாளருக்கு எழுதி நூலகருக்குப் பிரதி வையுங்கள். எத்தனை பிள்ளைகள், எந்தத் தரம், எத்தனை புத்தகம், எந்தத் திகதி எடுத்து எந்தத் திகதி கொடுப்பது, பொறுப்பாளர் யார், எதில் வைத்துக் கொண்டுபோவது என்று ஆறும் கடிதத்தில் இருக்க வேண்டும். 'புத்தகம் தந்து உதவவும்' என்று ஒற்றை வரியில் எழுதினால் அது கோப்புக்குள் கிடக்கும். விடுமுறைக்கு மூன்று கிழமை முந்தியே கொடுங்கள்.

பாலைப்பழம் எழுதியது:

20,000 ரூபாவையும் கடையில குடுக்காதேங்கோ. அரைவாசிக்குப் புதுப் புத்தகம், கால்வாசிக்கு அச்சடிப்பு, மிச்சம் தைக்க, ஒட்ட, உறை போட. அச்சடிக்க எங்க எடுக்கிறது எண்டால், இந்தியாவில இருக்கிற பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல தொடங்கின ஸ்டோரிவீவர் தளத்தில தமிழ்க் கதையள் இருக்கு. 1 தொடக்கம் 4 வரை மட்டம் பிரிச்சிருக்கு. திறந்த உரிமத்தில விட்டிருக்கிறதால அச்சடிச்சுக் குடுக்கலாம், எழுதினவர், படம் கீறினவர், உரிமம் போட்டிருக்கிற பக்கத்தையும் சேர்த்து அடிக்க வேணும். 2005இல தொடங்கின நூலகம் நிறுவனத்தின்ர இணையத்தில எங்கட நாட்டுப் பழைய புத்தகமும் சஞ்சிகையும் காசில்லாமல் வாசிக்கலாம். அதைப் பெரியாக்கள் முதல் பாத்து, வாசிச்சுக் காட்டத் தக்கதைத் தெரிஞ்செடுக்கப் பாவியுங்கோ. பிள்ளையின்ர கையில போனைக் குடுத்து பிடிஎப் வாசி எண்டால் ஒரு பக்கத்துக்கு நாலுதரம் பெருப்பிச்சு இழுக்க வேணும், அஞ்சாவது நிமிசம் வேற எங்கயோ போயிடும்.

16 பக்கக் கதை எண்டால் ஏ4 தாள் 4, ரெண்டு பக்கமும் அடிச்சு நடுவில மடிக்கிறது. முதல் தாளின்ர வெளிப்பக்கம் இடதில 16, வலதில 1. உள்பக்கம் இடதில 2, வலதில 15. அடுத்த தாள் 14–3, 4–13. ஒரே பக்கத்தில நிக்கிற ரெண்டு இலக்கத்தையும் கூட்டினால் எப்பவும் 17 வரவேணும். வராட்டில் பிழை. அச்சு இயந்திரத்தில குறுகிய பக்கமாப் புரட்டுற தெரிவைப் போடுங்கோ, நீளப்பக்கம் எண்டால் பின்பக்கம் தலைகீழா வரும். 25 பிரதியும் அடிக்க முதல் ஒண்டை மடிச்சுப் பாருங்கோ.

கலர் விலை கூட. கறுப்பு வெள்ளையில அடிக்கிறதெண்டால் கோட்டுப்படம் உள்ள கதையாப் பாத்து எடுங்கோ. நீர்வண்ணப் படத்தைக் கறுப்பில அடிச்சால் யானையும் காடும் ஒரே கரியா வரும். கடைக்கு பிடிஎப் ஆக் கொண்டுபோங்கோ. வேர்ட் கோப்பாக் குடுத்தால் அங்க எழுத்துரு இல்லாமல் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில புள்ளி வட்டம் எண்டு வரும். வெண்கட்டி ரீச்சர் சொன்ன கஷ்டத்தை நாங்களே அச்சடிச்சுக் குடுத்த மாதிரி.

வெண்கட்டி எழுதியது:

பாலைப்பழம் தம்பி சொன்னதில் ஒரு விசயம் சேர்க்க வேண்டும். இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் நாற்காலி, ஆரஞ்சு, ஜன்னல், பேனா, மிதிவண்டி என்று வரும். கதிரை, தோடம்பழம், யன்னல், பேனை, சைக்கிள் என்று பேசுகிற பிள்ளை அந்த இடத்தில் தடங்கினால் அது வாசிப்புக் குறை அல்ல, 50 சொல் கணக்கில் அதைச் சேர்க்கவும் கூடாது. சொல்லை வெட்டி எங்கள் சொல்லை ஒட்டத் தேவையில்லை. முன்னட்டைக்கு உள்பக்கத்தில் பென்சிலால் 'நாற்காலி என்றால் கதிரை' என்று நாலைந்து சொல் எழுதிவிடுங்கள். பிள்ளைகள் அடுத்த புத்தகத்தில் தாங்களே தேடி எழுதுவார்கள்.

முற்றம் எழுதியது:

அதுக்காகத்தான் சொல்லுறன், பிள்ளையள் சொல்லுறதையே புத்தகமாக்குங்கோ. எட்டுப் பேருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளை குளத்தில மீன் பிடிச்சதைச் சொல்லும், நீங்கள் அது சொன்ன மாதிரியே எழுதுங்கோ, ஒரு பக்கத்துக்கு ஒரு வசனம், எட்டு வசனம் காணும். படம் பிள்ளை கீறும். அடுத்த நாள் அதை வாசிக்கக் குடுத்தால் தடங்காது, ஏனெண்டால் சொல்லு முழுக்க அதின்ர வாயில இருந்து வந்தது. 'நானும் தம்பியும் தூண்டிலைக் கொண்டு போனனாங்கள்' எண்டு பிள்ளை சொன்னால் அப்பிடியே எழுத வேணும். 'சென்றோம்' எண்டு திருத்தினால் அது உங்கட கதை.

வெண்கட்டி எழுதியது:

இதில் எனக்கு முழு உடன்பாடில்லை. தரம் 2, 3க்குச் சரி. தரம் 5, 6 பிள்ளை பாடசாலையில் காண்பது எழுத்துத் தமிழ். 'போனனாங்கள்' என்பதை அச்சுப் போல எழுதிக் கொடுத்துப் பழக்கிவிட்டு, தவணை தொடங்கியதும் கட்டுரையில் அதற்குச் சிவப்புக் கோடு போட்டால் பிள்ளை எதை நம்பும்? ஆட்கள் பேசுகிற இடத்தை மேற்கோள் குறிக்குள் பேச்சிலும், கதை சொல்கிற வரியை 'போனோம்' என்ற எளிய எழுத்து நடையிலும் எழுதுங்கள். 'சென்றோம்' தேவையில்லை, அது உண்மைதான்.

முற்றம் எழுதியது:

எழுதேக்க பிள்ளைக்கு முன்னால கேட்டு எழுதலாம் எண்டால் சரி. 'நீ சொன்னது போனனாங்கள், புத்தகத்தில போனோம் எண்டு வரும், எப்பிடி எழுத?' எண்டு பிள்ளையிட்டயே விடுங்கோ. பிள்ளைக்குத் தெரியாமல் திருத்திறதைத்தான் நான் வேண்டாம் எண்டுறன்.

வெண்கட்டி எழுதியது:

அப்படியென்றால் சம்மதம். கேட்டு எழுதுவது இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக் காட்டும்.

ஊசிநூல் எழுதியது:

புத்தகம் நீடிக்க வேணும் எண்டால் கட்டுற வேலையைக் கவனியுங்கோ. மெல்லிய படப்புத்தகத்துக்கு ஸ்ரேப்ளர் கம்பி கூடாது. மார்கழி ஈரத்தில கம்பி துருப்பிடிச்சு, துரு தாளைத் தின்னும், நடு ஒற்றை முதல் கழரும். துருப்பிடிச்சதைக் கழட்டிப்போட்டு நூலால தையுங்கோ. மடிப்பில மூண்டு ஓட்டை: நடுவில ஒண்டு, மேலயும் கீழயும் ஓரத்தில இருந்து ரெண்டு விரல் தள்ளி ஒவ்வொண்டு. ஊசியை நடு ஓட்டையால உள்ள இருந்து வெளிய எடுங்கோ, மேல் ஓட்டையால உள்ள, நடுவைத் தாண்டி நேரே கீழ் ஓட்டையால வெளிய, திரும்ப நடு ஓட்டையால உள்ள. இப்ப ரெண்டு நூல் முனையும் உள்பக்கம் நடுவில நிக்கும். நீளமாக் கிடக்கிற நூலுக்கு அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு வைச்சு முடியுங்கோ. நூலை மடிப்பின்ர போக்கில இழுங்கோ, நிமிர்த்தி மேல இழுத்தால் தாள் கிழியும். தரம் 6 பிள்ளையளுக்கு ரெண்டாம் புத்தகத்திலயே கை வந்திடும்.

கிழிஞ்ச ஒற்றைக்குச் செலோரேப் ஒட்டாதேங்கோ. எங்கட வெக்கைக்குப் பசை இளகிப் பக்கத்து ஒற்றையைப் பிடிக்கும், பிறகு மஞ்சளாகிக் காய்ஞ்சு விழும், கறை மட்டும் நிக்கும். கோதுமை மா ஒரு பங்கு, தண்ணி அஞ்சு பங்கு, கட்டியில்லாமல் கரைச்சு சின்ன நெருப்பில துழாவுங்கோ. வெள்ளை நிறம் போய்ப் பளபளப்பா வரேக்க இறக்கி ஆறவிடுங்கோ. மெல்லிய தாளைக் கிழிசலின்ர நீளத்துக்குக் கையால கிழிச்சு, பசையைக் கொஞ்சமாப் பூசி ஒட்டி, ரெண்டு பக்கமும் பொலித்தீன் வைச்சு மேல பாரம் ஏத்துங்கோ. பசை ரெண்டு நாளுக்கு மேல புளிக்கும், கொஞ்சமாக் காச்சுங்கோ. பழைய கட்டுவேலைக்காரர் பூச்சிக்கு மயில்துத்தம் போடுவினம், அது நஞ்சு. சின்னனுகள் விரலை வாயில வைச்சு ஒற்றை புரட்டுங்கள், ஒருநாளும் போடாதேங்கோ.

அலுமாரி சுவரில முட்டக் கூடாது, நாலு விரல் இடைவெளி விடுங்கோ, காலுக்குக் கீழ செங்கல். இரும்பு அலுமாரி தானே எண்டு விட்டால் கறையான் சுவரால ஏறிப் பின் தகட்டுத் துவாரத்துக்குள்ளால போகும். கிழமைக்கு ஒருக்கா ரோச் அடிச்சு மண் கோடு ஏறியிருக்கோ எண்டு பாருங்கோ. காலைத் தண்ணி ரின்னுக்குள்ள நிறுத்திற பழக்கம் வேண்டாம், டெங்கு நுளம்பு முட்டை இடும்.

நனைஞ்ச புத்தகத்தை வெயிலில போடாதேங்கோ, முதுகுப் பசை வெடிச்சு ஒற்றை நெளியும். நிழலில, காத்தில, விசிறி மாதிரி விரிச்சு நிறுத்துங்கோ, பத்துப் பக்கத்துக்கு ஒரு பத்திரிகைத் தாள் வைச்சு அது ஈரமாக ஈரமா மாத்துங்கோ. ரெண்டு நாளுக்குள்ள காயாட்டில் பூஞ்சணம் தொடங்கும்.

அலைகரை எழுதியது:

முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து ஒரு யோசனை. கூடப் புத்தகம் வாசிச்ச பிள்ளைக்குப் புத்தகப் பையோ சைக்கிளோ பரிசு எண்டு அறிவிச்சால் வருவினம் தானே? வெளிநாட்டில இருக்கிறாக்களிட்டக் கேட்டால் உதவி கிடைக்கும்.

வாசிகசாலை எழுதியது:

அந்த உதவியைப் புத்தகமாகக் கேளுங்கள், பரிசாக வேண்டாம். எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்: எட்டுப் பக்கப் புத்தகத்தையே தேடி எடுப்பார்கள், கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கதை சொல்வார்கள். ஏற்கனவே வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் சைக்கிள் போகும். எட்டுப் பேரும் மூன்றாம் நாளே தோற்றுவிட்டோம் என்று நின்றுவிடுவார்கள். பெயர் எழுதி நட்சத்திரம் ஒட்டுகிற அட்டவணையும் இதே வேலையைத்தான் செய்யும்.

சுவரில் பெயரே இல்லாத ஒரு பனை மரம் கீறுங்கள். யார் ஒரு புத்தகம் முடித்தாலும் ஒரு ஓலை வெட்டி, அதில் புத்தகத்தின் பெயரும் பிடித்த ஒரு சொல்லும் எழுதி ஒட்டட்டும். எட்டுப் பக்கமும் ஓர் ஓலை, எண்பது பக்கமும் ஓர் ஓலை. பாதியில் பிடிக்காமல் விட்ட புத்தகத்துக்கும் பச்சைக்குப் பதிலாகக் காவோலை ஒன்று. எந்தப் புத்தகம் அதிகம் காவோலை வாங்குகிறது என்று பார்த்தால் அடுத்த முறை எதை வாங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

வெண்கட்டி எழுதியது:

சுருக்கம் எழுதுவிப்பதையும் விடுங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கடைசியில் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் பிள்ளை எழுத்துக்குப் பயந்து வாசிப்பை விடும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளை 'இதுவும் வாசிப்புத்தானே' என்று இந்த நேரத்துக்குள் கொண்டுவரப் பெற்றோர் கேட்பார்கள். அதற்கு ரியூசன் இருக்கிறது. இந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வினாத்தாள் வராது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடிக்கிற, ஒரு கண்ணை மூடி வாசிக்கிற, வரி தவறித் தவறி அதே வரிக்குத் திரும்புகிற பிள்ளையைக் கவனியுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் விடுபட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்கு நாங்கள் கொம்பு பழக்கிக்கொண்டு இருக்கக் கூடாது.

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. எழுதி எடுத்திட்டன். இந்தக் கிழமை அலுமாரியைச் சுவரில இருந்து இழுத்துக் கழிவு பிரிக்கிறம். சபைக்குக் கடிதம் திங்கட்கிழமை. உயர்தரப் பிள்ளையள் நாலு பேரிட்ட கதைச்சாச்சு, இணைந்து வாசிக்கிறதை வெண்கட்டி ரீச்சர் சொன்னபடி ஒருத்தருக்கு ஒருத்தர் செய்து பழகட்டும். கடைசியா ஒண்டு: பள்ளிக்கூடம் தொடங்கினாப் பிறகு தினமும் திறக்க ஆள் இல்லை. அலுமாரியைப் பூட்டி வைக்கிறதோ?

வாசிகசாலை எழுதியது:

பூட்ட வேண்டாம். சனிக்கிழமை 9 தொடக்கம் 10 வரை மட்டும் திறவுங்கள், ஆளுக்கு இரண்டு புத்தகம். அலுமாரித் திறப்பைத் தரம் 7 பிள்ளைகள் இருவரிடம் மாதம் மாதம் மாற்றிக் கொடுங்கள், ரின்னும் கொப்பியும் அவர்கள் பொறுப்பு. ஐப்பசி மழை தொடங்க முதல் கீழ்த்தட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.